மரக்காணம் கரையில் வண்ணமீன் குளங்களும் மீன்தின்னிப் பறவைகளும்

தோட்டத்திலும் விடுதி முற்றத்திலும் திறந்த குளத்தில் வளரும் கோய் கெண்டை, தங்கமீன் போன்ற வண்ணமீன்களைக் கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் தூக்கிச் செல்வது உலகெங்கும் உள்ள தொல்லை. பக்கிங்காம் கால்வாய் முடியும் ஊரான மரக்காணத்தில் அது இன்னும் கூடுதல். உப்பளங்களுக்கு அருகிலேயே கழுவெளி உவர்நீர் ஏரி கிடக்கிறது. 5,151 ஹெக்டேருக்கும் மேல் பரந்த இந்த ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இப்படிப்பட்ட இடத்தில் குளம் வெட்டுகிறவர், பறவை வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் கழுவெளி கோடையில் வற்றிச் சுருங்குகிறது. அப்போது இங்கேயே தங்கி வாழும் கொக்கும் நீர்க்காகமும் எஞ்சிய குட்டைகளைத் தேடும். தோட்டக் குளத்திலும் அதே மாதங்களில்தான் நீர் இறங்கும்; ஆழம் குறையக் குறைய மீனுக்கு ஒளிய இடமில்லாமல் போகும்.

வண்ணமீனின் அழகே அதற்குப் பகை. கெண்டையின் இயற்கையான கருத்த முதுகு, மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சேற்றோடு சேர்ந்துவிடும். ஜப்பானின் நீகாட்டா பகுதி உழவர்கள் 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கெண்டையிலிருந்தே சிவப்பும் வெள்ளையுமான கோயைப் பிரித்து வளர்த்தார்கள். 1914இல் டோக்கியோ கண்காட்சிக்குப் பின் அது நாடு முழுதும் பரவியது. நிறம் வந்தது, மறைவு போனது. உருண்டை உடம்புத் தங்கமீன்களுக்கு வேகமும் இல்லை. போதாததற்கு, கையால் தீனி போட்டுப் பழக்கிய மீன், கரையில் நிழல் விழுந்ததுமே மேலே வந்து வாய் திறக்கிறது. அந்த நிழல் மனிதருடையதா கொக்கினுடையதா என்று அது பார்ப்பதில்லை.

ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வேட்டை முறை உண்டு. மடையான் ஓரத்தில் அசையாமல் நின்று குத்தும். அதற்கு ஆழமற்ற கரை வேண்டும். சாம்பல் நாரையும் சின்னக் கொக்கும் நீரில் இறங்கி நடக்கும். வக்கா என்னும் இராக்கொக்கு இருட்டில் வருவதால், காலையில் மீன் குறைந்திருப்பதைப் பார்த்துப் பலர் பூனையைச் சந்தேகிக்கிறார்கள். மீன்கொத்திக்கு நீருக்கு மேல் ஒரு கம்பியோ காய்ந்த கிளையோ போதும். குஞ்சு மீன்தான் அதன் குறி. நீர்க்காகமோ உள்ளே மூழ்கித் துரத்தும். ஆழம் மட்டும் அதைத் தடுக்காது.

இதனால் பாதுகாப்பின் பாதி, குளத்தின் வடிவிலேயே இருக்கிறது. சரிவான கரைக்குப் பதில் செங்குத்துச் சுவர், மூன்றடிக்குக் குறையாத ஆழம், அடியில் கிடத்திய அகலக் குழாய்கள் அல்லது கவிழ்த்த மண்பானைகள், பரப்பில் ஒரு பகுதிக்கு அல்லி இலை என்று அமைத்தால் நடந்து வேட்டையாடும் பறவைகளுக்குப் பிடி கிடைப்பது அரிது. காற்றூட்டும் கருவியும் உதவும். விடியற்காலையில் கரைந்த ஆக்சிஜன் குறைந்தால் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மிதக்கும். கொக்குக்கு அதைவிட வாய்ப்பான நேரமில்லை.

மறுபாதி, மேலே கட்டுவது. இந்தக் கடற்கரை அதை இறால் பண்ணைகளில் ஏற்கெனவே கற்றிருக்கிறது. வெள்ளைப்புள்ளி நோய் கண்ட குளத்திலிருந்து பறவை கவ்விய இறால் பக்கத்துக் குளத்தில் விழுந்தால் நோயும் கூடவே போகும். 2009இல் வனாமி இறாலுக்கு அனுமதி தந்தபோது கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் பறவைத் தடுப்பையும் நிபந்தனைகளில் சேர்த்தது. குளத்தின் குறுக்கே வரிசையாக இழுத்துக் கட்டும் கயிறு இறங்க வரும் கொக்கைத் தடுக்கும். மீன்கொத்தி அதனூடே புகுந்துவிடும். அதற்கும் நீர்க்காகத்துக்கும் முழு வலைதான் வழி.

வலையில்தான் பெரும் தவறு நடக்கிறது. கடற்கரையில் எளிதாகக் கிடைப்பது மெல்லிய தங்கூஸ் வலை. பறவையின் கண்ணுக்கு அது தெரியாது. கால் சிக்கினால் உதற உதற இறுகி உயிரை வாங்கும். தொய்வாகப் போட்ட பழைய மீன்வலையும் அப்படியே. தடித்த, வெளிர்நிற நூல் வலையைச் சட்டத்தில் விறைப்பாக, நீரிலிருந்து ஓரடிக்கு மேல் கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021 முதல் வீட்டுப் பழமரங்களுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் கண் உள்ள வலையைத் தடை செய்திருக்கிறது. சுண்டுவிரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம் என்று கொள்வது குளத்துக்கும் நல்ல அளவு.

மினுங்கும் நாடா, பொம்மைக் கொக்கு, பழைய குறுந்தட்டு எல்லாம் சில நாள் வேலை செய்யும். பின் பறவைக்குப் பழகிவிடும். வெடி போடுவது சரணாலயத்தின் அருகே செய்யவே கூடாத காரியம்.

இன்னொரு சேதம் மெதுவாகத் தெரியும். கொக்கின் வாயிலும் தொண்டையிலும் வாழும் கிளினோஸ்டோமம் என்ற தட்டைப்புழு, நத்தை வழியாக மீனுக்குள் புகுந்து மஞ்சள் கட்டியாகத் தங்கும். நத்தைகளை அவ்வப்போது அகற்றினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. நஞ்சு வைப்பது, கண்ணி வைப்பது, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ சிதைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே அதில் அடங்கும். குளத்து வலையில் பறவை சிக்கிவிட்டால் நூலை இழுக்காமல் துணியால் மூடி, உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.