தரங்கம்பாடியில் ஒரு பிரிவு

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரிகள் இருவர். சீகன்பால்கு ஐயரை நாம் நன்கறிவோம்; உடன்வந்த புளுட்சோ ஐயரையோ மறந்துவிட்டோம். முன்னவர் தமிழ் கற்றார். பின்னவர் போர்த்துக்கீசிய மொழி பேசியோரிடையே பணியாற்றினார். 1707இல் பள்ளிகள் தொடங்கின. பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி அமைந்தது. ஏழைப் பிள்ளைகள் உணவும் உடையும் பெற்றுப் பயின்றனர்.

ஐந்தாண்டுப் பணிக்குப்பின், 1711இல் புளுட்சோ ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பிறகு மீண்டு வரவில்லை. ஹோல்ஸ்டைன் பகுதியில் ஒரு சபையின் போதகராய் வாழ்ந்தார். புறப்படுகிறவருக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் உண்டு. ஆதரவற்ற பிள்ளைக்கோ பள்ளியே வீடு. ஆகவே பிரிவின் பாரத்தில் பெரும்பங்கு பிள்ளையின் தோள்மீதே விழுகிறது.

அப்பாரத்தைக் குறைப்பது எது? கண்ணீரும் அன்று, பரிசுப்பொருளும் அன்று. 1709இலேயே கிரண்ட்லர் ஐயர் வந்து சேர்ந்திருந்தார். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பா சென்றபோது பொறுப்பை அவரே ஏற்றார். 1716இல் சீகன்பால்கு திரும்பியபின், பள்ளியில் வளர்ந்த இளைஞரையே ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உருவாக்கும் பயிற்சிப்பள்ளி தோன்றியது. 1719இல் சீகன்பால்குவும் 1720இல் கிரண்ட்லரும் மறைந்தனர், பணியோ மறையவில்லை.

இன்றும் அயல்நாட்டு இளைஞர் சில மாதத் தொண்டுக்கு நம் பிள்ளைகளிடம் வருகின்றனர். நம்மவரும் பிற நாடுகளுக்குச் செல்கின்றனர். விடைபெறும் நாளை முதல் நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நேர்மை. தாம் கற்பித்ததைத் தொடர்ந்து கற்பிக்க உள்ளூரார் ஒருவரை ஆயத்தப்படுத்திவிட்டுப் பிரிகிறவரே நன்றாய் விடைபெற்றவர் ஆவார்.