ரங்கூன் அரிசியும் பூதலூர் நெல்லும்: வாணிக மாற்றமும் சமூகக் காப்பும்

ரஷ்ய எரிவாயு அருகிப்போய், அமெரிக்கா சுங்கவரிகளை உயர்த்திவிட்ட இந்நாளில், ஓய்வூதியம், வைத்தியம், வேலையின்மை உதவி முதலியவற்றுக்கு ஆகும் செலவை ஐரோப்பிய தேசங்கள் சுருக்கியே தீரவேண்டும் என்னும் வாதம் அங்கே வலுத்து வருகிறது. சமூகக் காப்பு என்பது வாணிக லாபத்தில் மிஞ்சியதிலிருந்து வழங்கப்படும் தானம் என்ற அனுமானத்தின்மேல் நிற்கும் இவ்வாதம் சரித்திரத்துக்குப் பொருந்தாது என்பதைத் தஞ்சைத் தரணியின் நெல்லைக் கொண்டே நிறுவலாம் என்பது என் துணிபு.

1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிவுற்று, கல்லணையில் தொடங்கித் தஞ்சை மாவட்டத்துப் பூதலூர்ப் பகுதியைக் கடந்து தெற்கே செல்லும் புதிய கால்வாயினால் வானம் பார்த்த நிலங்கள் நஞ்சையாக மாறிய அதே காலத்தில்தான், உலகப் பொருளாதார மந்தமும் பர்மாவிலிருந்து வந்த ரங்கூன் அரிசியும் சேர்ந்து நெல்லின் விலையை வீழ்த்தின. பர்மா 1937 ஏப்ரல் வரையில் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தமையால், அவ்வரிசிக்குச் சுங்கம் விதிக்க வழியில்லை. நிலவரியான கிஸ்தியோ ரொக்கமாகச் செலுத்த வேண்டியது. ஆகவே விலை இறங்க இறங்க, அதே வரிக்கு அதிக நெல்லை விற்க நேர்ந்தது. மிராசுதாருக்கு வந்த நெருக்கடி குத்தகைதாரன்மேல் இறங்கியதென்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் நிலைமை தலைகீழாயிற்று. மலிவரிசியால் விவசாயி நலிந்த நாட்டில், அரிசியே கிட்டாமல் உண்பவர் தவிக்கலாயினர். மறு ஆண்டிலேயே வங்காளம் பஞ்சத்தில் மடிந்தது. அயலாரை நம்பிய உணவுப் பழக்கம் ஒரு யுத்தத்தில் சிதறிய அந்த வேளையில்தான் பங்கீட்டு முறையும் நெல் கொள்முதலும் சர்க்காரின் கடமைகளாக வேரூன்றின. சென்னை முதலமைச்சர் ராஜாஜி 1952இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார் என்பது உண்மையே. ஆயினும் அதே ஆண்டில் அவருடைய ஆட்சியே தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொணர்ந்து, குத்தகைதாரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை உறுதிசெய்தது. வாணிக முறிவு மட்டுமே இச்சட்டத்தை ஈன்றது என்று நான் கூறவில்லை, கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முதலியோர் திரட்டிய பண்ணையாட்களின் போராட்டமின்றி அது பிறந்திராது. முறிவு வாய்ப்பைத் திறந்தது. அமைப்பாகத் திரண்ட ஜனங்களே அதைப் பயன்படுத்தினர்.

பின்னர் அமெரிக்கக் கோதுமையை எதிர்நோக்கிக் கழிந்த ஆண்டுகளில் இந்திய உணவுக் கழகம் உருவாகி, தன் முதல் மாவட்ட அலுவலகத்தை 1965 ஜனவரி 14 அன்று தஞ்சாவூரிலேயே திறந்தது தற்செயலன்று. இன்று குறுவையும் சம்பாவும் அறுவடையானதும் பூதலூர் வட்டாரத்து விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நாடுவதும், அந்நெல் அரிசியாகி ரேஷன் கடைக்குச் செல்வதும் அந்த நெருக்கடிகளின் விளைவுகளே.

ஐரோப்பாவின் சொந்தச் சரித்திரமும் இதற்குச் சான்று. கடல் கடந்து வந்த மலிவுத் தானியத்தை எதிர்த்து 1879இல் சுங்கவரி விதித்த பிஸ்மார்க், 1883இல் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதியையும் 1889இல் முதுமைக் காப்புறுதியையும் ஏற்படுத்தினார். அவருடைய நோக்கம் சோஷலிஸ்டுகளை அடக்குவதாயிருப்பினும், அமைப்பு அவரைக் கடந்து வாழ்கிறது.

விவசாயிக்குக் காப்பளிக்கும் விஷயத்தில் இன்றைய ஐரோப்பாவின் நிலை ஒரு முரணைக் கொண்டிருக்கிறது. தன் விவசாயிகளுக்கு நேரடி வருமான உதவியைத் தாராளமாக வழங்கும் ஐரோப்பிய ஒன்றியம், உலக வர்த்தக ஸ்தாபனத்தின் விதிகளில் அவ்வுதவிக்கு வரம்பில்லாத இடத்தைப் பெற்றிருக்கிறது. இந்தியா ஆதார விலை கொடுத்து வாங்கும் நெல்லோ, 1986–88 ஆண்டுகளின் விலையோடு ஒப்பிடப்பட்டு, உற்பத்தி மதிப்பில் நூற்றுக்குப் பத்து என்னும் வரம்புக்குள் அடங்கவேண்டியதாயிருக்கிறது. 2013இல் பாலி மாநாடு தந்த சமாதான ஏற்பாடு அவ்வரம்பை மீறியதற்காக வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறதே தவிர, விதியை மாற்றவில்லை. தொழிலாளர் உரிமையையும் தன் சமூகக் கொள்கையையும் வாணிக உடன்படிக்கைகளில் எழுதிக் காக்க விரும்பும் ஐரோப்பா, பழைய விலைக் கணக்கைத் திருத்தும் பேச்சில் கொள்முதல் நிலையத்தின் பக்கம் நிற்கக் கடமைப்பட்டிருக்கிறது.