நடைப்பிணங்களும் உழைப்பும்

ஹெயிட்டியின் கரும்புத் தோட்ட அடிமைகளை வாட்டிய அச்சம், இறந்த பின்னரும் உழைப்பிலிருந்து விடுதலையில்லை என்பதாகும். 1932இல் வெளிவந்த ‘வைட் ஸொம்பி’ திரைப்படத்தில், ஆலை இயந்திரத்தினுள் ஒரு நடைப்பிணம் வீழ்ந்தபோதும் ஏனையவை வேலையை நிறுத்துவதில்லை. ஜோர்ஜ் ரொமேரோ 1978இல் ‘டோன் ஒஃப் த டெட்’ படத்தில் அவற்றை அங்காடித் தொகுதியில் நுகர்வோராக அலையவிட்டார். உழைப்பு மறைந்தாலும் விமர்சனம் எஞ்சிற்று. சாக் ஸ்னைடரின் 2004 மீளாக்கத்திலோ பிணங்கள் ஓடுகின்றன; அங்காடி பெரும்பாலும் அரணாகிவிடுகின்றது.

வன்னி வாசகர் இம்மறைப்பை எளிதில் உணர்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த தென்னிந்தியத் தொழிலாளர் பலர், வன்னிக் காட்டுப் பாதையிலே பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டனர். 1977 வன்செயலின் பின்னர் மலையகத் தமிழர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். அம்மாண்டோரைத் திரையேற்றும் கலைஞன் அவர்களை ஓடவிடலாகாது. தலைச்சுமையோடு நடக்கவிடல் வேண்டும்.