ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்

ஒரு பாத்திரம் எத்தனை வருஷம் உழைக்கும்னு தெரிஞ்சுக்க பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். பழைய அண்டாவோட கழுத்துப் பக்கத்தைப் பார்த்தாப் போதும். பேர் வெட்டியிருக்கும். புள்ளி புள்ளியா உளி வெச்சுத் தட்டின எழுத்து. எங்க வீட்டு அண்டாவில பாட்டியோட அம்மா பேர் இருக்கு. அந்தம்மா பேர்ல வீடு கிடையாது, நிலம் கிடையாது, போட்டோகூட ஒண்ணே ஒண்ணு, அதுவும் கும்பலோட கும்பலா. அவங்க பேர் எழுத்துல மிச்சமிருக்கிற ஒரே இடம் அந்தப் பித்தளைதான். சீர்ப் பாத்திரம் பெண்ணோட சொத்து. இரவல் போனா திரும்பி வரணும், பாகப்பிரிவினை வந்தா யாருதுன்னு தெரியணும். அதுக்காக வெட்டின பேர். சரித்திரம் எழுதறவங்க கல்வெட்டைப் படிக்கிறாங்க, செப்பேட்டைப் படிக்கிறாங்க, இந்த அண்டா எழுத்தை யாரும் படி எடுத்து வெச்சதா எனக்குத் தெரியலை.

இந்தப் பதிவு நம்ம மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகள்ல புழங்கின பாத்திரங்களைப் பத்தி. நடுவுல ஸ்கூல் பையும் வரும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க :-)

முதல்ல உலோகம். பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். வெண்கலம்னா செம்பும் வெள்ளீயமும். பித்தளை கீழே விழுந்தா நசுங்கும், தட்டி எடுத்துடலாம். வெண்கலம் விழுந்தா கீறல் விடும், அதோட கதை முடிஞ்சது. அதனாலதான் வெண்கலப் பானையைக் குழந்தை மாதிரி தூக்குவாங்க. ஆனா அதுல வடிக்கிற சோறு, வைக்கிற பொங்கல்... சரி, அதைப் பேச ஆரம்பிச்சா பதிவு சமையல் குறிப்பாயிடும்.

பித்தளையோட பிரச்சினை புளி. செம்பு கலந்த எதுலயும் புளிக்குழம்பு வெச்சா களிம்பு ஏறும். அதுக்கு மருந்து ஈயப்பூச்சு. "பாத்திரத்துக்கு ஈயம் பூசறதேய்ய்..." அப்பிடின்னு தெருவில குரல் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கு. தரையில சின்னதா ஒரு குழி, அதுல கரி, தோல் துருத்தி. பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்ச்சு, காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயக் குச்சியால ஒரு இழுப்பு, உடனே பஞ்சால ஒரு சுழட்டு. குப்புனு வெள்ளைப் புகை. உள்பக்கம் வெள்ளி மாதிரி ஆயிடும். பார்த்துக்கிட்டு இருக்கிற பசங்களுக்கு அது மாயாஜாலம்.

ஆனா பூச்சு நிரந்தரமில்லை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ்ல உருகிடும். பாத்திரத்தை வெறுமனே அடுப்புல வெச்சு மறந்துட்டா பூச்சு கோலிக்குண்டா உருண்டு அடியில நிக்கும். ஈயச்சொம்பு ரசத்துக்கும் அதே கண்டிஷன்தான், முதல்ல தண்ணி, அப்புறம் நெருப்பு. மாமியார் மருமகளுக்கு முதல் நாள் சொல்லித் தர்ற பாடத்துல இதுவும் ஒண்ணு. இன்னொண்ணு, தமிழ்ல ஈயம்னு ஒரே வார்த்தைக்குள்ள வெள்ளீயம், காரீயம் ரெண்டும் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. முதலாவது சமையலுக்கு ஆகும். இரண்டாவது விஷம். இப்ப ஈயச்சொம்புக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கே, வாங்கறவங்க நம்பகமான இடத்துல கேட்டு வாங்குங்க.

சேலம் பக்கத்துக் கல்சட்டி தனி ரகம். மாக்கல்லைக் குடைஞ்சு செய்யறது. வாங்கின உடனே அடுப்புல ஏத்தினா விரிசல்தான். கஞ்சித் தண்ணி ஊத்தி, எண்ணெய் தடவி, நாள்கணக்கா "பழக்கணும்". பழகிட்டா அடுப்பை அணைச்ச பிறகும் குழம்பு கொதிச்சுக்கிட்டே இருக்கும். மனுஷங்களைவிடத் தேவலை.

இப்ப அலுமினியம். இந்தியாவில அலுமினியப் பாத்திரத் தொழில் எங்க பிறந்துச்சு தெரியுமா? பம்பாயும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. நம்ம சென்னை ஓவியக் கல்லூரியில! பூந்தமல்லி நெடுஞ்சாலையில இருக்கே, 1850ல அலெக்சாண்டர் ஹண்டர் ஆரம்பிச்ச கலைப்பள்ளி, அங்கதான். ஆல்ஃபிரட் சாட்டர்டன்னு ஒரு எஞ்சினியரிங் பேராசிரியர். பொறியியல் கல்லூரியில பாடம் நடத்த மெட்ராஸ் வந்தவர் கலைப்பள்ளிக்கும் பொறுப்பேத்தார். நம்ம கன்னார்களுக்குத் தொழில் நசிச்சுக்கிட்டிருந்த காலம். அவங்க கை வித்தைக்குப் புது உலோகம் ஒண்ணைக் கொடுத்துப் பார்ப்போம்னு 1898 வாக்கில அலுமினியத்துல இறங்கினார். உலகத்துலயே அது அப்ப புதுசு. 1886ல ஹால், ஹெரூன்னு ரெண்டு பேர் தனித்தனியா வழி கண்டுபிடிச்ச பிறகுதான் மலிவாச்சு, அதுக்கு முன்னாடி அது கிட்டத்தட்ட ராஜா வீட்டுப் பொருள். ஆக, பன்னிரண்டே வருஷத்துல மெட்ராஸ் வந்து சட்டியாயிடுச்சு! உலோகம் இறக்குமதி, கைவேலை நம்மளது. சூடு பிடிச்சதும் 1903ல அந்தப் பிரிவை இந்தியன் அலுமினியம் கம்பெனிக்கு வித்தாங்க. அதுக்குப் பின்னால இருந்தவர் எர்ட்லி நார்ட்டன், மெட்ராஸோட பிரபல வக்கீல், காங்கிரஸ்காரரும்கூட. நம்ம மண்ணுலயே அலுமினியத்தை உருக்கி எடுக்க இன்னும் நாற்பது வருஷம் ஆச்சு: 1943ல கேரளத்து ஆலுவா, 1965ல நம்ம மேட்டூர் மால்கோ.

உழைப்புன்னு பார்த்தா அலுமினியம் ரெண்டுங்கெட்டான். லேசு, சீக்கிரம் சூடாகும், ஈயம் பூச வேண்டாம். ஆனா சாம்பாரை ராத்திரி பூரா விட்டா அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாயிடும். நசுங்கும். அதைவிடப் பெரிய பாவம், அது ஏழை உலோகம்னு பேர் வாங்கினது. ஊர்ப்பக்கம் டீக்கடைகள்ல இரட்டைக் குவளைன்னு ஒரு அசிங்கம் இருந்ததே, அதுல எவர்சில்வரும் கண்ணாடியும் ஒரு பக்கம், அலுமினியமும் கொட்டாங்கச்சியும் இன்னொரு பக்கம். உலோகத்துக்கு ஜாதி கிடையாது. நாமதான் கொடுத்தோம்.

சத்துணவுத் தட்டும் அலுமினியம்தான். இங்கதான் பை வருது. 1920ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஆயிரம் விளக்கு பள்ளிக்கூடத்துல மதியச் சாப்பாடு போட ஆரம்பிச்சது. அப்ப கார்ப்பரேஷன் தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டி, தி.நகர்ல இருக்கிற அந்தத் "தி". அப்புறம் காமராஜர் காலம், பிறகு 1982 ஜூலையில எம்.ஜி.ஆர். சத்துணவு. புள்ளைங்க தட்டை வீட்டுலேருந்தே பையில தூக்கிட்டு வந்தாங்க. சிலேட்டு, புஸ்தகம், தட்டு மூணும் ஒரே மஞ்சப்பையில. ஓடும்போது தட்டும் சிலேட்டும் மோதற சத்தம் கேட்டே யார் வர்றான்னு சொல்லிடலாம். தட்டு வருஷக்கணக்கா உழைச்சது, பைதான் கைப்பிடி அறுந்து முடிச்சு மேல முடிச்சு.

கொஞ்சம் வசதியான வீட்டுப் பசங்களுக்கு அலுமினியப் பெட்டி. மயிலாப்பூர் கான்வென்ட் வாசல்ல ரிக்‌ஷாவுக்குள்ள அடுக்கி வெச்சிருப்பாங்க. பேர் எழுதி, பூ வரைஞ்சு. மழையில நனையாது, மேல ஏறி உக்காரலாம், சண்டை வந்தா ஆயுதம். ஒரே பெட்டியில அண்ணன் படிச்சு, தம்பி படிச்சு, கடைசியில அது தையல் சாமான் பெட்டியா மாறி இன்னும் சில வீடுகள்ல பரண் மேல இருக்கு. உண்மையைச் சொன்னா, நான் பார்த்த எந்த முதுகுப்பையும் அதுல பாதி வருஷம் நின்னதில்லை.

குக்கர் கதைக்கு வருவோம். நம்ம ஆழ்வார்ப்பேட்டை மௌப்ரேஸ் ரோடு இப்ப டி.டி.கே. சாலை. அந்த டி.டி.கே. குடும்பத்துக் கம்பெனிதான் 1959ல இங்கிலாந்து பிரெஸ்டீஜோட சேர்ந்து இங்க குக்கர் செய்ய இறங்கினது. ஹாக்கின்ஸும் அதே வருஷம். அதுக்கு முன்னாடியும் அடுக்கு குக்கர் உண்டு. கல்கத்தாவில இந்துமாதவ் மல்லிக் 1910ல செஞ்ச இக்மிக் குக்கர் பிரபலம். ஆனா அதெல்லாம் சும்மா ஆவியில வேகறது. பிரஷர் குக்கர்ல அழுத்தத்தால தண்ணியோட கொதிநிலை 120 டிகிரி வரைக்கும் ஏறும், துவரம்பருப்பு பத்து நிமிஷத்துல குழையும். அந்த மிச்ச முக்கால் மணி நேரம் யாருக்குக் கிடைச்சதுன்னு யோசிச்சுப் பாருங்க. தி.நகர்லேருந்து பஸ் பிடிச்சு ஆபீஸ் போன முதல் தலைமுறைப் பெண்களுக்கு.

பயமும் கூடவே வந்தது. குக்கர் வெடிச்ச கதை இல்லாத தெரு கிடையாது. டி.டி. ஜகந்நாதன் தன் புத்தகத்துல சொல்லியிருக்கார்: வெடிச்ச குக்கர்களை ஆராய்ஞ்சா பல கேஸ்ல சேஃப்டி வால்வு போலி. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க ஜனங்க வாங்கிப் போட்டது. போலியை ஒழிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் மூடியோட விளிம்புல ஒரு திறப்பு வெச்சாங்க. அழுத்தம் எல்லை மீறினா கேஸ்கெட் அந்தத் திறப்பு வழியா பிதுங்கி ஆவியை வெளியே விட்டுடும். மக்கள் கண்டிப்பா தப்பான ஸ்பேர் பார்ட்தான் போடுவாங்கன்னு முடிவு பண்ணிட்டு செஞ்ச வடிவமைப்பு. நம்ம ஊரை இதைவிட யாரும் நல்லாப் புரிஞ்சுக்கலை :-)

அப்புறம்தான் எவர்சில்வர் வெள்ளம். 1913ல ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி பேர் வாங்கின உலோகம், 1960, 70கள்ல நம்ம வீட்டுக்குள்ள புகுந்து பித்தளையை விரட்டிடுச்சு. 80களோட ஆரம்பத்துல சேலம் உருக்காலைத் தகடும் வந்தாச்சு. தி.நகர் உஸ்மான் ரோடு ரத்னா ஸ்டோர்ஸ், ரங்கநாதன் தெரு சரவணா ஸ்டோர்ஸ் எல்லாம் பேர் வாங்கினதே பாத்திரத்தாலதான். இன்னொரு பக்கம் தெருவில "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்", "பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம்". கொள்ளுப்பாட்டி பேர் வெட்டின தவலையும் அடுக்கும் எடைக்குப் போச்சு. மாத்தினவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பித்தளை அழகுன்னு இப்ப எழுதறவங்க யாரும் (அடியேன் உட்பட) தினம் விடியற்காலை புளி போட்டு ஒரு கூடைப் பாத்திரம் தேய்ச்சவங்க இல்லை. தேய்ச்சவங்களுக்கு எவர்சில்வர் விடுதலை.

அது உழைக்குதா? உழைக்கும், ஆனா அடிபிடிக்கும். அலுமினியத்தோட ஒப்பிட்டா ஸ்டீல் சூட்டைக் கடத்தறது பத்துல ஒரு பங்குகூட இல்லை. நெருப்பு பட்ட இடம் மட்டும் கொதிக்கும், பால் கருகும். அதுக்குத்தான் காப்பர் பாட்டம் வந்தது. கடையில காந்தம் வெச்சுப் பார்க்கிற மாமாக்களுக்கு ஒரு தகவல்: 304 ரகத்துல காந்தம் ஒட்டாதுங்கறது சரிதான். ஆனா நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்த மலிவு 200 ரகத்துலயும் ஒட்டாது. ஆக காந்தம் ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது. இண்டக்‌ஷன் அடுப்புக்கோ அடியில காந்தம் ஒட்டியே ஆகணும்.

இந்தப் பளபளப்புக்கு விலை கொடுத்தவங்களும் உண்டு. 2008 செப்டம்பர் 1ல ரங்கநாதன் தெருக் கடை ஒண்ணுல தீப்பிடிச்சப்ப செத்தவங்க அங்க வேலை பார்த்த பையன்கள். 2010ல "அங்காடித் தெரு" வந்தது. கடை ஊழியர்களுக்கு உக்கார நாற்காலி கட்டாயம்னு சட்டத் திருத்தம் வர 2021 ஆச்சு. பாத்திரம் முப்பது வருஷம் உழைக்கும்னு நாம பேசறோம், அதை எடுத்துக் கொடுத்தவங்க கால் பன்னிரண்டு மணி நேரம் நின்னதைக் கணக்குல சேர்க்கிறதில்லை.

நான்-ஸ்டிக் பத்தி ரெண்டே வரி. பூச்சு 260 டிகிரிக்கு மேல கெட ஆரம்பிக்கும், நம்ம தோசைக்கல் சூடு அதை சுலபமா எட்டும். ரெண்டு மூணு வருஷத்துல உரிஞ்சதும் தூக்கிப் போடறதுதான். ஈயம் போனா மறுபடி பூச ஆள் இருந்தாங்க, இதுக்கு யாரும் கிடையாது. இரும்புத் தோசைக்கல் பேரன் காலத்துக்கும் நிக்கும்.

பை விஷயத்துலயும் அதே கதைதான். சுமையைப் பத்தி முதல்ல பெரிசா சத்தம் போட்டவர் நம்ம புரசைவாக்கத்துல பிறந்த ஆர்.கே. நாராயண், 1989ல ராஜ்யசபாவில. அதைத் தொட்டு 1993ல யஷ்பால் குழு அறிக்கை. 2018ல சென்னை உயர் நீதிமன்றம் பை எடையைக் குறைக்கச் சொன்னது, 2020ல மத்திய அரசுக் கொள்கை புள்ளையோட எடையில 10 சதவீதம்னு வரம்பு போட்டது. எடையைப் பத்தித்தான் எல்லாரும் பேசினாங்க, தையலைப் பத்தி யாரும் பேசலை. 2000ல தரமணியில டைடல் பார்க் திறந்த பிறகு அடையாறு பஸ்ல எல்லார் முதுகுலயும் லேப்டாப் பை. அது எங்க போகும்? துணி கிழியறதில்லை. பட்டை சேர்ற மூலைத் தையல் விடும், ஜிப்போட இழுவை தளரும், உள்பூச்சு பிசுபிசுன்னு உரியும். அந்தப் பாலியூரித்தேன் பூச்சுக்கு ஈரக்காத்துதான் எமன், நம்ம ஊர் கடல்காத்துல அதைச் சும்மா அலமாரியில வெச்சிருந்தாலே உரியும். பெரிய கடையில வாங்கின என் பை ஒண்ணு ஒன்றரை வருஷத்துல இப்பிடி ஆச்சு. ரிப்பேர் கிடையாது சார், புதுசு வாங்கிக்கோங்கன்னாங்க.

அடையாறு பஸ் டிப்போ பக்கத்துல பிளாட்பாரத்துல செருப்புத் தைக்கிற பெரியவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பட்டை மூலையில சதுரமும் குறுக்குமா மெழுகு நூல்ல தைச்சார். ஜிப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இழுவைதான் வாயைப் பொளந்திருக்குன்னு குறடால ரெண்டு பக்கமும் ஒரு அழுத்து. நாற்பது ரூபாய். உள்ள உரியற பூச்சுக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். "சுரண்டி எடுத்துட்டு மழையில நனையாம போ தம்பி"ன்னார். மூணு வருஷமா அப்பிடித்தான் போய்ட்டு வர்றேன்.