மழையில் தனியா ஒரு லாங் ரைடா? ஒரகடம் ரூட்டில் ஏரிகளைத் தெரிஞ்சுக்கிட்டு கிளம்புங்க!

பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து மாமல்லபுரம், மதுராந்தகம் பக்கம் போக வேண்டிய ரைடர்கள் பலர், சென்னைக்குள் நுழைவதே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் வலது பக்கம் திரும்பி, ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள்கோவில் போய் ஜி.எஸ்.டி சாலையைப் பிடித்துவிடுவார்கள். சுமார் 25 கி.மீ தூரம்தான். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் ஃபேக்டரி. 'இங்க பார்க்க என்ன இருக்கு?' என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டுப் போகிற இடம்.

ஆனால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த ரூட்டுக்கு வேறு முகம். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், நீங்கள் ஓட்டுவது தொழிற்பேட்டைக்குள் மட்டுமில்லை, ஏரிகளுக்கு நடுவிலும்தான்!

ஃபேக்டரிக்கு முன்னாடி ஏரி

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தை 'ஏரி மாவட்டம்' என்று சொல்வது சும்மா இல்லை. ஒரு ஏரி நிரம்பினால், உபரி நீர் கலங்கல் வழியாக இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும், பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால், தண்ணீர் போய்ச் சேரும் இடம் செம்பரம்பாக்கம். 2015 டிசம்பர் 1-ம் தேதி அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அன்று அடையாற்றங்கரை என்ன ஆனது என்பதை சென்னை இன்னும் மறக்கவில்லை.

ரைடருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மழை விட்டதும் ரோடு சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். மேலே இருக்கும் ஏரி நிரம்பி, தண்ணீர் உங்கள் ரோட்டுக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகலாம். வெயில் அடிக்கும்போதுகூட தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்.

எங்கெல்லாம் வண்டியை நிறுத்தலாம்?

ஸ்ரீபெரும்புதூர்: ராமாநுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயில் இங்கேதான். 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் இப்போது நினைவிடம் இருக்கிறது. மழை நாளில் இரண்டு இடத்திலும் கூட்டம் குறைவாக இருக்கும், நிதானமாகப் பார்க்கலாம்.

வல்லக்கோட்டை: ஒரகடத்துக்குச் சற்று முன்னால். இங்குள்ள முருகன் சிலை சுமார் 7 அடி உயரம். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள்.

ஒரகடம்: இந்த ஊரை உட்கார்ந்து பார்க்க ஒரு டீக்கடை போதும். 2013-ல் ராயல் என்ஃபீல்டு இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. நீங்கள் ஓட்டி வந்த புல்லட்டுக்கு இதுவே பிறந்த வீடாக இருக்கலாம். ரெனோ-நிஸான் கார், பாரத் பென்ஸ் லாரி, அப்போலோ டயர் எல்லாமே இந்த வட்டாரத்துச் சரக்குதான். ஷிப்ட் முடிந்து ரெயின்கோட்டோடு வரும் கூட்டத்தில் தமிழோடு இந்தி, ஒடியா, பெங்காலி எல்லாம் கேட்கும். பக்கத்து வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஊரைவிட்டுத் தனியாக வந்தவர்கள் நிறைந்த ஊர் என்பதால், தனியாக வந்த உங்களை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

சிங்கப்பெருமாள்கோவில்: பாறையைக் குடைந்த பல்லவர் கால நரசிம்மர் கோயில். மூலவர் குன்றோடு சேர்ந்தே இருப்பதால், அவரைச் சுற்ற வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். மழையில் படி வழுக்கும், பார்த்து!

மதுராந்தகம்: இன்னும் தெற்கே போகிறீர்கள் என்றால், இங்கே 'ஏரி காத்த ராமர்' கோயில். 1790-களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், கரை உடையுமோ என்று பயந்து ஒரு மழை இரவில் ஏரியைப் பார்க்கப் போனாராம். வில்லோடு ராமரும் லட்சுமணரும் கரையைக் காத்து நின்றதைக் கண்டாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால், மழை என்றால் முதலில் ஏரிக்கரையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இந்த மண்ணின் பழக்கம்.

ரோட்டில் எதைக் கவனிக்கணும்?

* மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் ரொம்ப வழுக்கும். ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் தண்ணீரோடு சேரும் நேரம் அது. ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.
* 60 கி.மீ வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி சுமார் 17 மீட்டர் போய்விடும். அது நீங்கள் பிரேக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே! ஈர ரோட்டில் நிற்க இன்னும் தூரம் வேண்டும். ஏ.பி.எஸ் இருந்தால் வீல் லாக் ஆகாது, அவ்வளவுதான். தேய்ந்த டயரை அது காப்பாற்றாது.
* கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அது வாரி அடிக்கும் தண்ணீரில் உங்களுக்கு ரோடு தெரியாது, டிரைவருக்கு உங்களைத் தெரியாது.
* ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். அந்த அரை மணி நேரம் ஓரமாக நில்லுங்கள்.
* ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கி இன்ஜின் நின்றுவிட்டால், திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் செல்ஃப் அடிப்பதே இன்ஜினை உடைத்துவிடும்.
* தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடுகிறதா? திரும்பிவிடுங்கள். முன்னால் போகிற வண்டி தாண்டிவிட்டது என்பது காரணமே கிடையாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தரைப்பாலங்கள் மூழ்கின.

கிளம்பும் முன்...

வானிலை மையம் 'கனமழை' என்றால் ஒரு நாளில் 64.5 மி.மீ-க்கு மேல். 'மிக கனமழை' 115.6 மி.மீ-லிருந்து. 204.4 மி.மீ-ஐத் தாண்டினால் 'அதி கனமழை'. ஆரஞ்சு, ரெட் அலர்ட் நாளில் பிளானைத் தள்ளிப்போடுங்கள், ஏரி எங்கேயும் ஓடிப்போகாது. மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' ஆப் இருக்கிறது. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

தனியாகப் போகும்போது 'வேணாம், திரும்பிடலாம்டா' என்று சொல்ல பின் சீட்டில் ஆள் இருக்காது. அதனால், எத்தனை மணிக்கு எந்த ஊரில் இருப்பீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு மெசேஜ் போடுங்கள். இருட்டுவதற்குள் ரூம் போட்டுவிடுங்கள். ஏரி நிரம்பியிருக்கிறதா, எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் கூகுள் மேப்பைவிட டீக்கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். "அண்ணே, அந்தப் பக்கம் ரோடு எப்படிண்ணே இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.