அச்சாணி யார் கையில்?

பழைய தென்னாற்காட்டின் பனமலைக் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. கீழே ஏரி, அதைச் சுற்றி வயல்கள். குன்றின் மேலிருக்கும் கல்லுக்கு நாள்தோறும் பராமரிப்பு வேண்டியதில்லை. கீழே ஓடிய கட்டைவண்டிக்கு அது வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே தென்னாற்காட்டின் மல்லாட்டை (நிலக்கடலை) புதுச்சேரித் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து பிரான்சுக்குக் கப்பல் ஏறிய காலத்தில், வண்டி ஓடாத நாள் என்றால் வருமானம் இல்லாத நாள். இன்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் பில்லை வாங்கிப் பார்த்துத் திகைக்கிறவர்கள் அந்த வண்டியின் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. பழுது பார்க்கும் செலவை ஏற்றுவது வண்டியின் நுட்பம் மட்டுமல்ல. அதைப் பற்றிய அறிவும் உதிரிப் பாகமும் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. வண்டிகளின் வரலாறு இதற்குச் சாட்சி.

கட்டைவண்டியின் சக்கரத்தில் நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றி வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டை. பட்டை போடுவது கைதேர்ந்தவர்களின் வேலை. வட்டையைவிடச் சற்றே குறுகலாக வளையத்தை அடித்து, வறட்டி அடுக்கித் தீமூட்டிச் சிவக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் விரிந்த வளையத்தை இடுக்கிகளால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கியதும் மரம் புகையும். உடனே தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால்கள் குடத்துக்குள் இறுகிக்கொள்ளும். இந்த வேலையைக் குடியானவன் தானே செய்யவில்லை. தச்சரிடமும் கொல்லரிடமும் போனான். ஆனால் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை கூட்டுவது, மூங்கில் குழலில் அதை அடைத்து வண்டிக்கடியில் தொங்கவிடுவது, அச்சுக்கு மை போடுவது, கடையாணி தேய்ந்ததா என்று பார்ப்பது எல்லாம் வண்டிக்காரனின் அன்றாட வேலை. பட்டறையில் நடப்பதும் அவன் கண்ணெதிரே நடந்தது. எந்தக் கட்டை மாறியது, ஏன் மாறியது என்று அவனுக்குத் தெரியும்.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கைவினைஞர் சாதிக்குக் கட்டுப்பட்டிருந்தார். களத்துமேட்டில் அளந்து போட்ட தானியமே பல ஊர்களில் அவருக்குக் கூலி. பேரம் பேசும் வலிமை அவருக்குக் குறைவு. அந்த அநீதி திரும்பி வரக் கூடாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அன்றாடக் கவனிப்பு வண்டியை உடையவன் கையிலும், நுட்ப வேலை தொழிலறிந்தவர் கையிலும் இருந்தன, இரண்டுக்கும் நடுவே பூட்டுப் போட்ட கதவு இல்லை.

மோட்டார் வண்டி வந்ததும் இந்த வழக்கம் செத்துவிடவில்லை. 1840இல் சென்னையில் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தில்தான் 1903இல் நீராவிக் கார் ஒன்று உருவானது. 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டிய ஜி.டி.நாயுடு, எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பார்க்கத் தயங்காதவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து எடுத்த வாயுவில் வண்டி ஓட்டும் கருவியை டி.வி.எஸ். நிறுவனம் இங்கேயே செய்தது. பிறகு வந்த அம்பாசிடர் ஊர்தோறும் மெக்கானிக்குகளை உருவாக்கியது. 1980இல் வந்த டி.வி.எஸ். 50 குடியானவனையே பாதி மெக்கானிக் ஆக்கியது. வண்டி முக்கினால் வரப்போரம் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, திரும்ப மாட்டி மிதித்தால் கிளம்பிவிடும்.

2000க்குப் பிறகு கார்களில் கார்புரேட்டர் போய்க் கணினி வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபோது மொபெட்டிலும் எரிபொருளைக் கணினியே அளந்து தெளிக்கத் தொடங்கியது. புகை குறைந்தது, அது நல்லது. கூடவே, கோளாறைச் சொல்லும் கருவியும் உதிரிப் பாகமும் கம்பெனியின் வாசலுக்குள் போய்விட்டன. இது வெறும் மனக்குறை அல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததற்குக் காரணமே இதுதான்: உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்தார்கள். 2016இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் வழக்கில் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் செய்தது தவறு என்ற முடிவை மாற்றவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இலேயே வாக்களித்து இந்தப் பூட்டைத் திறக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

இன்றைய காரில் காற்றுப்பை இருக்கிறது, ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறது, மின்காரில் உயிரைப் பறிக்கும் அழுத்தத்தில் மின்சாரம் ஓடுகிறது. இவற்றில் கைவைக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. அன்றும் பட்டை போடத் தெரியாத குடியானவன் தானே பட்டை போடவில்லை. ஆனால் இந்த அச்சத்தைக் காட்டி, ஏ.சி.யின் காற்று வடிகட்டியை மாற்றவும் கூலி வாங்குகிறார்களே, அதற்கு என்ன நியாயம்? பல கார்களில் அது டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியை இறக்கிப் பழையதை உருவி, அம்புக்குறி பார்த்துப் புதியதைச் செருக ஐந்து நிமிடம் போதும். டயர் காற்று, கூலண்ட் அளவு, பேட்டரி முனையில் பூக்கும் உப்பு, வைப்பர் ரப்பர் ஆகியவையும் இப்படித்தான். காரோடு வரும் கையேட்டிலேயே இவற்றில் பெரும்பாலானவை எழுதியிருக்கும். வெளியே கொடுத்தால் வாரண்டி போய்விடும் என்பது இன்னொரு மிரட்டல். வெளியில் வேலை செய்ததாலேயே வாரண்டியை முழுதாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று போட்டி ஆணையத்தின் அதே 2014 உத்தரவு சொல்கிறது.

நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. அது போதாது; பழுதறியும் கருவியை நியாய விலையில் எல்லாப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று சட்டமே வர வேண்டும். அது வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது, மாற்றிய பழைய பாகத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் கூலியைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.