எல்லை கடந்த சீமைத் தக்காளி

தக்காளியின்றி நம் இல்லங்களில் ரசம் கொதிப்பது அரிது. ஆயினும் இக்கனி நம் மண்ணில் தோன்றியதன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சாரலே அதன் பூர்வீகம். மெக்சிகோ மக்கள் அதனைப் பயிராக்கினர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் ஐரோப்பியரின் கப்பல் வழியே பாரதம் வந்தது. மணத்தக்காளியை முன்பே அறிந்திருந்த நம் முன்னோர், புதிய விருந்தாளியைச் 'சீமைத் தக்காளி' என்று அழைத்தனர். மலையாளத்திலும், ஏன், சிங்களத்திலும் தக்காளி என்ற பெயரே வழங்குகிறது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் ஒரு மாநிலம், பாறசாலைக்கு அப்பால் மற்றொன்று என்றாயிற்று. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது; அடுக்களையைப் பிரிக்கவில்லை. 1979-இல் திருவனந்தபுரம்–நாகர்கோவில் இருப்புப்பாதை பாறசாலை வழியே திறக்கப்பட்டபின், இருபுறத்து உறவினரும் எளிதில் வந்துபோயினர்.

ஆனால் அவ்வூர்களின் வீட்டுத் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது எளிதன்று. இரவிலும் வெப்பம் தணியாத நாட்களில் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரும். புளிப்புத் தன்மை மிக்க செம்மண்ணிலோ வாடல் நோய் பதுங்கியிருக்கும். காலையில் பசுமையாய் நின்ற செடி மாலையில் தலை தொங்கும். அதன் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால் பால்போல் ஓர் இழை இறங்கும். அதுவே நோய்க் கிருமி.

இவ்விடர்களுக்கு இரு மாநில அறிஞரும் வழி தேடினர். தேனி மாவட்டத்து அன்னஞ்சி நாட்டு இரகத்தில் சடுதி மாற்றம் உண்டாக்கி, 'பி.கே.எம். 1' என்னும் இரகத்தைப் பெரியகுளத்தார் உருவாக்கினர். வாடல் நோயைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா ஆகியவற்றைக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் அளித்தனர். முன்னதற்கு மூலமாய் நின்றது ஒரு சிற்றூரின் விதையே என்பதை நாம் மறத்தலாகாது.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆதலின் இத்தகைய இரகங்களின் விதை தாய்க்குணம் மாறாது. வீரிய ஒட்டு விதையோ அடுத்த தலைமுறையில் குணம் சிதறும். ஆண்டுதோறும் கடையை நாட வேண்டும். எனவே வெயிலிலும் காய்த்த, வாடாத செடியைத் தேர்ந்தெடுங்கள். நன்கு பழுத்த கனியின் சாற்றை விதையோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்திக் காற்றுப்புகாது வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முளைப்புத்திறன் நிற்கும். ஆண்டுதோறும் இவ்வாறு தெரிந்தெடுப்பின், அவ்விதை நம் மண்ணுக்குப் பழகிவரும். விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவருக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டுச் சட்டமும் உறுதி செய்துள்ளது.

ஆண்டிஸ் மலையில் பிறந்த செடி, விதை காத்த கைகளாலேயே நம்முடையதாயிற்று. ஊர்விட்டு வந்து இக்காலனியில் வாழும் தாய்மார்கள், ஒரு பிடி விதையை அண்டை வீட்டாருக்கும் ஈந்து அவ்வரிய மரபைத் தொடர்வார்களாக!